மாமாவுக்கு வைத்த பித்தளைத் துண்டு

என் அக்காவின் கணவரை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கத்தான் செய்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறவியிலேயே வன்மம் பிடித்தவன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அறுபதுகளின் பின்பாதி. கேரளக் கடற்கரையிலிருந்து சின்னச் சின்ன ராக்கெட்டுகளை விடத் தொடங்கியிருந்தார்கள். மேல்காற்றை அளக்கும் கருவிகள் அவற்றில் போகும். அதற்கான பாகங்களை நம் பக்கத்துப் பட்டறைகளிலும் செய்ய முடியுமா என்று பார்க்க, சிதம்பரத்தில் ஒரு கொட்டகையில் பயிற்சி நடந்தது. என்னைப் போன்ற பொறியியல் மாணவர்களும் கம்பெனி ஆட்களும் ஒன்றாக நின்று அலுமினியத்தை அரத்தால் ராவினோம். கடலூரில் பம்பு செய்யும் ஒரு கம்பெனி, அங்கே வேலை பார்த்த அக்கா கணவரை, அதாவது மாமாவை, அனுப்பியிருந்தது.

பயிற்சி முடிவில் ஆளுக்கொரு கருவித் தட்டு செய்து காட்டவேண்டும். ராக்கெட்டின் மூக்குக்குள் பேட்டரியையும் கருவிகளையும் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் வட்டத் தட்டு அது. யாருடைய தட்டு தேறுகிறதோ, அவர் கேரளாவுக்குப் போய்த் தன் கையாலேயே அதை ராக்கெட்டில் பொருத்தலாம். எனக்கு அந்த ஆசை பைத்தியமாகவே பிடித்திருந்தது.

முதல் மாதிரியைக் கடலூர் செம்மண்டலத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்காவோடு சாப்பிட வந்திருந்த மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பலே மச்சான்! ரொம்ப ஜாஸ்தியா மூளைய செலவு பண்ணியிருக்க" என்று முதுகில் தட்டினார்.

அதன்பின் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். எழுந்து சிதம்பரம் போனால், கொட்டகை மேசையில் அதே தட்டு, அவர் பெயரில். என்னுடையதை எடுத்து வைத்ததும் பயிற்சி ஆசிரியர் முகம் சுளித்தார்.

"சொந்தக்காரர்கிட்டயே காப்பி அடிக்கிறியா?"

மாமா பக்கத்திலேயே நின்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் செத்தாலும் மன்னிக்கமாட்டேன்.

வீட்டில் சொன்னேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மாப்பிளகிட்ட போயி இதெல்லாம் கேக்க முடியுமாடா? ஒங்கக்கா அங்க வாழணும்."

பெண்ணைக் கொடுத்தவர்கள் கேட்க முடியாது. சரி, வாயால்தானே கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வுக்கென்று புது மாதிரியில் இரண்டு தட்டுகள் செய்தேன். நல்லதைக் கல்லூரி விடுதியில் டிரங்குப் பெட்டியில் பூட்டினேன். மற்றதில் ஒரு பித்தளைத் துண்டை வளைத்து ரிவெட் அடித்தேன். அதற்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனால் பார்த்தால் பெரிய சூட்சுமம் போலத் தெரியும். பாலிஷ் வேறு போட்டேன். மாமா வருகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அதைப் பாதி வெளியே தெரியும்படி பேப்பரில் சுற்றிக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு, காட்டுமன்னார்கோயிலில் நண்பனுக்குக் கல்யாணம் என்று கிளம்பிவிட்டேன். கல்யாணமும் இல்லை, கருமாதியும் இல்லை. பஸ்ஸில் எனக்குப் பாட்டு பாட்டாக வந்தது.

தேர்வு நாளன்று கேரளாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பம்புக் கம்பெனி முதலாளியும் வந்திருந்தார். மாமாவின் தட்டில் பித்தளை மின்னியது. சும்மா சொல்லக்கூடாது, என்னைவிட அழகாகவே வளைத்திருந்தார்.

"இது எதுக்கு?" என்றார் அதிகாரி.

"பேட்டரி சூட்ட இழுத்துக்கறதுக்கு சார்."

"பேட்டரி அந்தப் பக்கமில்ல இருக்கு?"

மாமா கைக்குட்டையைத் தேடினார். அதிகாரி என் தட்டைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான். நீ ஏன் இதப் போடல?"

"அதுக்கு ஒரு வேலையும் இல்ல சார். யாரு காப்பி அடிக்கறாங்கன்னு பாக்க, எங்க வூட்டு மேசைல நாந்தான் செஞ்சு வெச்சேன்."

கொட்டகையே சிரித்தது. முதலாளி எழுந்து வெளியே போனார். மாமாவின் முகம் செத்துவிட்டது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

கேரளாவுக்குப் போனேன். என் கையால் தட்டைப் பொருத்தினேன். ராக்கெட் கடலுக்கு மேலே ஏறி மறைந்தது. அப்போதும் நான் மாமாவின் முகத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு அக்காவை அழைக்கப் போன அப்பா, கொண்டுபோன சீரோடு திரும்பி வந்தார். தம்பி இருக்கும் வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்றாராம் மாமா. மறு வருஷமும் அதே பதில். செம்மண்டலத்துக்கும் அவர்கள் இருந்த கடலூர் பழைய டவுன் ஓ.டி.க்கும் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான்.

அக்காவைப் பிறகு சிதம்பரத்தில் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"அவரு செஞ்சது திருட்டுத்தான்டா, நான் இல்லன்னு சொல்லல" என்றாள். "ஆனா அவரு அதே வேலக்கித்தான் போறாரு. நீயும் கேரளா போயிட்டு வந்துட்ட. அம்மா வூட்டு வாசல் எனக்குத்தான் போச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு வந்துடுவாரு" என்று கூட்டத்துக்குள் போய்விட்டாள். குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்கவில்லை. அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.