கோணல் டோனட்

அமெரிக்காக்காரன் வரியை ஏற்றிய பிறகு எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் வருவது நின்றது. "கூப்பிடறப்ப வந்தாப் போதுமுங்க" என்று மேனேஜர் மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதை வயிற்றை நிரப்புமா? தைத்து வரும் துணியில் குறை கண்டுபிடித்துக் கழிப்பதுதான் பதினான்கு வருடமாக என் வேலை. அது போனதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. என் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. தினமும் எட்டரைக்கு வழக்கம்போல வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போக ஓர் இடம் வேண்டுமே. டீக்கடையில் நின்றால் "ஏனுங்க, இன்னிக்கு லீவுங்களா?" என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால் தெரிந்தவர்கள் வராத கடைகளாகத் தேடினேன். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு பர்கர் கடை இருக்கிறது. அந்தத் தட்டுகிற சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது, எனக்கு அதுவே வசதி. முதலிபாளையத்தில் ஒரு பின்தெருவில் ஒடிசாக்காரர் ஒருவர் மொறுமொறுவென்று கோழி பொரித்துத் தருவார். பன்னிரண்டு மணிக்குத்தான் திறப்பார், நான் பதினொன்றுக்கே போய் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிரவுனி மட்டும் விற்கிற ஒரு மாடிப்படிக் கடைகூட எனக்குத் தெரியும். எங்கேயும் அரை மணி உட்கார முடியவில்லை. ஆர்டரை நிறுத்தியவன் ஊர்த் தீனியைத் தின்றா பொழுதை ஓட்டுகிறோம் என்று எரிச்சல் வரும். அடுத்த கடைக்கு வண்டியைத் திருப்புவேன்.

இந்த நேரம் பார்த்து என் மனைவி, வீட்டு வாசலில் டோனட் கடை போடப் போவதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறப்பு. அவள் பொரித்துத் தரத்தர நான் கண்ணாடிப் பெட்டியில் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். கை சும்மா இருந்தால்தானே! இஞ்ச் டேப்பை எடுத்தேன். ஒன்றில் ஓட்டை கோணல். ஒன்று அரை இஞ்ச் குறைவு. இன்னொன்றின் அடிப்பக்கம் நிறம் வேறு. கழித்ததையெல்லாம் ஒரு தட்டில் போட்டுக் கதவுக்குப் பின்னால் துணியால் மூடி வைத்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் மனசு நிம்மதியாக இருந்தது.

ஆறு மணிக்குக் கூட்டம் வந்தது. ஆறேகாலுக்குப் பெட்டி காலி, மாவும் தீர்ந்துவிட்டது. "இல்லீங்களா? செரி, பொறகு பார்த்துக்கலாமுங்க" என்று எதிர்வீட்டு அம்மா திரும்ப, பின்னால் நின்றவர்களும் கலைந்தார்கள். உள்ளே போன மனைவியின் கண்ணில் அந்தத் தட்டு பட்டது. பொரித்ததில் பாதிக்கு மேல் அதில்தான் இருந்தது.

"இதையெல்லாம் எதுக்குங்க மூடி வெச்சீங்க?"

"ரிஜெக்ட்" என்றேன்.

ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். "ருசியில என்னங்க குறை? கப்பல்லயா ஏத்தப் போறோம்?"

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இனியும் மறைக்க முடியவில்லை.

"எனக்கு ஒரு மாசமா வேலை இல்ல. கை பரபரன்னு இருந்துச்சு, அதான்..."

அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுமுங்க. கம்பெனிக்குப் போனா ஒட்டற பஞ்சு, ஒரு மாசமா உங்க சட்டையில துளிகூட இல்லையே. அதுக்குத்தானுங்க இந்தக் கடையே போட்டேன்."