தண்ணீர் இல்லாத குற்றாலத்தில் ஒரு செண்பகம்

செண்பகப்பூ வாசம் எங்கே அடித்தாலும் கூடவே கோடாலித் தைலத்தின் நெடியும் என் மூக்கில் வந்து ஏறிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு இரண்டும் சேர்ந்ததுதான் பங்குனி மாதம், இரண்டும் சேர்ந்தவர்தான் வாப்பா.

நான் தவழ்கிற பிள்ளையாக இருந்தபோது சவூதிக்குப் போன வாப்பா, முதல் லீவில் தென்காசியில் வந்து இறங்கியபோது எனக்கு ஐந்து வயது. அதுவரை போட்டோவில் இருந்த மனிதர் திடீரென்று நடுவீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் கூச்சம் வராது? மிட்டாயை வாங்கிக்கொள்வேன், பொம்மையை வாங்கிக்கொள்வேன், 'வாப்பா' என்ற சொல் மட்டும் வாயில் வராது. "உம்மா, அவங்களுக்குச் சோறு வேணுமாம்" என்பேன். "அவங்க என்னட்டி அவங்க? வாப்பான்னு கூப்புடு" என்று உம்மா தொடையில் கிள்ளுவாள். "விடு, கூப்புடும்போது கூப்புடட்டும்" என்று வாப்பா சிரிப்பார். ஆனால் லீவு முடிகிற நாள் நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பும் சுருங்கிக்கொண்டே வந்தது. கூப்பிடாமலே அவரை விமானம் ஏற்றிவிடுவேனோ என்று உம்மாவுக்கு ஒரே கவலை.

அப்போதுதான் குற்றாலத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று வாப்பா கிளம்பினார். இது வளைகுடாக்காரர்கள் மட்டுமே செய்கிற தப்பு. நாங்கள் சாரலைப் பார்த்துக் குற்றாலம் போவோம். அவர்களோ கம்பெனி எப்போது லீவு தருகிறதோ அப்போது போவார்கள். பாலைவன வெயிலில் நின்று அருவியையே நினைத்துக்கொண்டிருந்த மனிதர், எண்ணெய்க் குப்பி, துண்டு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு ஏறியதைப் பார்த்த ஆட்டோக்காரர், "பங்குனியில குத்தாலத்துல என்னத்தப் பாக்கப் போறிய பாய்? பாறையையா?" என்று கேட்டார்.

பாறைதான் இருந்தது. மெயினருவியில் நூல் மாதிரி ஒரு கசிவு. வாப்பா அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். "சாரலுக்கு லீவு கேட்டா குடுக்க மாட்டாங்களாக்கும்" என்று உம்மா ஆரம்பித்தாள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசியில் அவரே, "வந்தது வந்தாச்சு, மேல செண்பகாதேவி அருவிக்கு ஏறிப் பாப்பமே" என்றார்.

அப்பப்பா, என்ன பாதை அது! சீசனில் முன்னால் போகிறவர்களின் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டு ஏறுகிற அந்தக் காடு, அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்காகவே பூத்துக் கிடந்தது. கொன்றை மஞ்சள் சரமாகத் தொங்கியது, இலவம்பூ செக்கச்செவேலென்று காலடியில் 'பொத்து பொத்'தென்று விழுந்தது, பாறை இடுக்குகளில் வெட்சி கொத்துக் கொத்தாகச் சிவந்திருந்தது. வாப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஏட்டி, இதப் பாரு! அங்கன பாரு! நான் இருக்க எடத்துல மணலுதான் புள்ள, பூவுன்னா டிவியில பாக்குததுதான்." வெட்சிப்பூவின் காம்பை உருவித் தேன் உறிஞ்சக் காட்டிக்கொடுத்தார்; நாக்கில் பட்ட அந்தத் துளிக்கு அவர் கொண்டுவந்த மிட்டாய் அத்தனையும் உறைபோடக் காணாது. பெயர் தெரியாத ஊதாப்பூக்களுக்கு நானே 'கம்மல் பூ', 'எறும்புக் குடை' என்று பெயர் வைத்தேன். உம்மாகூட அடுப்படியை மறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினாள். எண்ணெயும் துண்டும் இருந்த பையை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு மரமேறியபோது, "அதாவது குளிக்கட்டும்" என்று வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

திடீரென்று அந்த வாசம் வந்தது. மரத்தைக் காணவில்லை. "செண்பகம்லா! இங்கனதான் எங்கயோ பூத்திருக்கு" என்று மூக்கை நீட்டிக்கொண்டு வாப்பா முன்னால் போய்விட்டார். போனது தப்பான பக்கம். பின்னால் ஓடைக்கரையில், இலைகளுக்கு நடுவே அது மஞ்சளாகச் சிரித்துக்கொண்டிருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். இனி உம்மாவிடம் சொல்லி, உம்மா அவரிடம் சொல்லி, அதுவரைக்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? தொண்டை கிழியக் கத்தினேன்: "வாப்பா! இங்கன பாருங்க வாப்பா!"

ஓடி வந்தவர் மரத்தைப் பார்க்கவே இல்லை. "எங்க, எங்க?" என்று கேட்டுக்கொண்டே என்னைத்தான் பார்த்தார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். தாழ்ந்த கிளையிலிருந்து நான் பூவைப் பறித்தபோது அவர் கழுத்தில் கோடாலித் தைலம் மணத்தது. மலையிறங்கும்வரை தேவையே இல்லாமல் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

இப்போது அந்தப் பாதைக்குக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். காட்டுக்கு அது நல்லதுதான், எனக்குத்தான் வயிற்றெரிச்சல். சவூதியிலிருந்து கோடாலித் தைலம் கொண்டுவரவும் இப்போது ஆளில்லை. வாப்பா ஊரோடு வந்து வருடங்களாகிவிட்டன, காதும் மந்தமாகிவிட்டது. போன பங்குனியில் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றபோது காற்றில் அந்த வாசம் வந்தது. வாப்பா வழக்கம்போல மூக்கை நீட்டிக்கொண்டு தப்பான பக்கம் தேடிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம், உயரத்தில், மஞ்சள் தெரிந்தது. காவலாளி திடுக்கிட்டுத் திரும்புகிற அளவுக்குக் கத்தினேன்: "வாப்பா! இங்கன பாருங்க வாப்பா!"

திரும்பினார். இந்தத் தடவையும் அவர் பூவைப் பார்க்கவில்லை.