தோல் சுற்றிய ஒயர்

இது கட்டிவிட்ட கதை இல்லை. ஆம்பூரில் 1936-ஆம் வருஷம் நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். சாமுவேலும் அதுவரை பேய் என்றால் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

கல்யாண வீடுகளுக்கு மைக் செட் வாடகைக்கு விடுவது அவன் தொழில். போன கல்யாணத்தில் மானம் போயிற்று. சத்தத்தைப் பெருக்கும் பெட்டி வீட்டுக்குள், ஸ்பீக்கர் தெருமுனையில். நடுவே நீளமாக ஒரு மெல்லிய ஒயர். பாதிச் சத்தத்தை ஒயரே தின்றுவிட்டது. ஸ்பீக்கர் சளி பிடித்த கிழவன் மாதிரி முனகியது. ஊரே சிரித்தது. அடுத்தது தோல் வியாபாரி வாஹித் பாஷா வீட்டுக் கல்யாணம். அதிலும் கோட்டைவிட்டால் பிறகு ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள்.

அதனால் ஒயரைத் தானே செய்தான். மெல்லிய செம்புக் கம்பிகளைக் கற்றையாகத் திரித்துத் தடிமனாக்கினான். அதே மாதிரி இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நூல் சுற்றி, மெழுகு ஏற்றி, இரண்டையும் சேர்த்து முறுக்கினான். மாட்டுவண்டி ஏறினாலும் நசுங்காமல் இருக்க மேலே ஆட்டுத்தோல் வைத்துத் தைத்தான். தோல் கொடுத்தவன் அவனுடைய தோஸ்த் ரத்தினசாமி. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. எங்கே கிடைத்தது என்று அவன் சொல்லவில்லை. ஓசியில் வந்ததாயிற்றே, சாமுவேலும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள். உச்சிப்பொழுது, சரியாக மணி பன்னிரண்டு. வீட்டில் வேறு யாருமில்லை. புது ஒயரை மாட்டி இசைத்தட்டு வைத்தான். இரைச்சலே இல்லை. பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தட்டு முடிந்தது. மூச்சு நிற்கவில்லை...

மைக் வழியாக வருகிறதோ என்று அதைப் பிடுங்கிப் போட்டான். ஸ்பீக்கரில் தண்ணீர் அலம்பும் சத்தம். தளக்... தளக்... பிறகு ஒரு குரல்.

"கையக் குடு..."

பழைய ஒயரை மாட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை. மறுபடி புதியது.

"ரத்தினம்... கையக் குடு..."

சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கு வந்திருந்த ரத்தினசாமியை ஓடிப்போய் இழுத்து வந்தான். அவன் வாசற்படியில் நின்றே கேட்டான். முகம் வெளுத்துவிட்டது.

"யாருடா அது? தெரிஞ்ச குரலா?"

"இந்தக் குரல நான் கேட்டதே இல்ல."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

சாமுவேல் பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கினான்.

நுனி அவன் கையில் இருந்தது.

"கையக் குடு..."

ஒயர் ஈரமாக இருந்தது.

கத்தியை எடுத்துத் தோலைக் கிழித்தான். பாலாற்று மணலில் கொண்டுபோய் எறிந்தான். கம்பிமேல் மனைவியின் பழைய புடவையைக் கிழித்துச் சுற்றினான். மறுநாள் கல்யாணத்தில் ஸ்பீக்கர் கணீரென்று பேசியது. வாஹித் பாஷாவே தோளில் தட்டிக்கொடுத்தார். ரத்தினசாமி மட்டும் வரவில்லை.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் முனீர் அகமது, அந்தத் தோல் ஷாப்பு மேஸ்திரி. கூட வேலை பார்த்த பச்சையப்பன் செத்ததிலிருந்தே ரத்தினசாமி பேஜாராகத்தான் இருக்கிறான் என்றார். போன மாசம் பச்சையப்பன் தோல் ஊறும் தொட்டிக்குள் வழுக்கி விழுந்து மூழ்கிப்போனானாம். ஆள் செத்த தொட்டித் தோலை விற்கமாட்டார்கள், உப்புப் போட்டுப் புதைப்பதுதான் வழக்கம். புதைக்கச் சொல்லி ரத்தினசாமியிடம்தான் கொடுத்தார்களாம்.

சாமுவேல் இலையிலிருந்து கையை எடுத்தான்.

"விழுந்தவன் கூப்ட்டிருப்பானே... ரத்தினம், கையக் குடுன்னு?"

முனீர் அகமது அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"எப்படிக் கூப்புடுவான்? அவன் பொறவி ஊமை. கையத்தான் நீட்டியிருக்கணும். பக்கத்துத் தொட்டியில நின்னது ரத்தினசாமி. பாக்கவே இல்லன்னு சத்தியம் பண்றான்."