அடையாளம் தெரியாத ஊர்க்காவலன்

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊராட்சியின் தலைவி முருகம்மாளை அடித்தது யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். காவல் நிலையத்துக்கு மட்டும்தான் தெரியாது.

தலைவியாவதற்கு முன் பதினெட்டு வருடம் அவள் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்தினாள். அந்த அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கதவுகள் இரண்டு, தீப்பிடித்தால் ஓட இரண்டும் திறந்தே கிடக்க வேண்டும், தாழ்ப்பாள் கிடையாது. நாற்காலி கிடைத்த முதல் நாளே ஊராட்சி அலுவலகத்தின் பின்கதவையும் திறந்து போட்டாள். சாத்திய அறையில் அவளுக்கு மூச்சு முட்டும்.

நாலாவது வருடம், மேலத்தெருவோடு நின்றுபோகும் தண்ணீரைத் தன் கிழக்குத் தெருவுக்கும் கொண்டுபோகக் குழாய்த் தீர்மானம் போட்டாள். மேலத்தெரு நிலக்காரரின் மகன் ஊர்க்காவலன் அந்தப் பின்கதவு வழியாகத்தான் வந்தான், கையில் இரும்புக் குழாய்த் துண்டோடு.

"ஏளா, இந்தக் கைதான கையெழுத்துப் போட்டது?"

கேட்டுவிட்டு அடித்தான். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் ஒடிந்தது. செயலர் பாலகுரு அந்த நேரம் டீக்கடையில் இருந்ததாக எழுதிக் கொடுத்தார். அவர் பாதி குடித்த டீ அலுவலக மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. முருகம்மாள் காவல் நிலையத்தில் அடித்தவன் பெயரை மூன்று தடவை சொன்னாள், தகப்பன் பெயரோடு. எஃப்.ஐ.ஆரில் 'அடையாளம் தெரியாத நபர்' என்று ஏறியது.

அதே மாதம் வேறொரு மாவட்டத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் கார் கண்ணாடியில் கல் விழுந்தது. உறுப்பினர் காரில் இல்லை. எறிந்தவன் மூன்று மணி நேரத்தில் பிடிபட்டான். எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள் அன்று ஒரே குரலில் கொதித்தன. மக்கள் பிரதிநிதிகள் மீதான வன்முறையை ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு விருதுநகருக்கும் வந்தது, முன்னும் பின்னும் போலீஸ் வண்டிகளோடு.

ஆட்சியர் அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு உட்கார வைக்கப்பட்ட முருகம்மாளைச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டார்கள். குழு உறுப்பினர் ஒருவர் அக்கறையாகவே கேட்டார், பின்கதவை ஏன் தாழ் போடவில்லை என்று. அவள் மருந்தறையின் வழக்கத்தைச் சொன்னாள். அவர் 'கதவு' என்று குறித்துக்கொண்டார்.

"அடிச்சவன் பேரச் சொல்றேன், அதையும் எழுதிக்கோங்கய்யா."

தனி நபர் பெயர்கள் குழுவின் வரம்புக்குள் வராது என்றார் தலைவர்.

"கதவு மட்டும் வருதாக்கும்?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. கட்டுக்குள் மணிக்கட்டு தெறித்தது. கோபத்தில் கும்பிடக்கூட மறந்து வெளியே வந்தாள்.

ஒரு மாதத்தில் நடவடிக்கை வந்து சேர்ந்தது: பின்கதவுக்கு ஒரு இரும்புக் கிராதி, இரண்டு தாழ்ப்பாள், ஒரு பூட்டு. ஊர்க்காவலன் எதிர்க்கடையில் உட்கார்ந்து வெல்டிங் வேலையை வேடிக்கை பார்த்தான்.

ஆகஸ்ட் பதினைந்து, கிராம சபை. கம்பெனிகளுக்கு லீவு என்பதால் கம்பெனி வேனில் வேலைக்குப் போகும் கிழக்குத் தெருப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கூட்டம் தொடங்குமுன் வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குவார்கள். முதல் கையெழுத்து நிலக்காரர் வீட்டுடையது. மூன்று தலைமுறையாக அப்படித்தான். ஊர்க்காவலன் வந்தான், போட்டான், முன்வரிசையில் உட்கார்ந்தான்.

பத்துத் தீர்மானங்கள் சாக்கடை, தெருவிளக்கு என்று போயின. பதினொன்றாவதை முருகம்மாளே வாசித்தாள்: ஊராட்சித் தலைவியை அலுவலகத்துக்குள் புகுந்து தாக்கிய இன்னார் மகன் ஊர்க்காவலனைக் கைது செய்யக் கோருவது. பாலகுருவின் பேனா நின்றது. பெயரை எழுதினால் தன் வேலை போய்விடும் என்று முணுமுணுத்தார்.

"எழுதலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். சுதந்திர தினக் கூட்டமே நடக்கலைன்னு மேல எழுதி அனுப்பிக்கோங்க."

எழுதினார்.

ஊர்க்காவலன் எழுந்து, தன் கையெழுத்தை அடிக்கச் சொன்னான். அடித்தால் பதிவேடே செல்லாது என்றார் பாலகுரு, தரையைப் பார்த்தபடி. அவருடைய வாயிலிருந்து அந்த வருடம் வந்த ஒரே உண்மை அது.

"மொதக் கையெழுத்தே ஒங்களுதுதான," என்றாள் முருகம்மாளோடு பத்து வருடம் ஒரே அறையில் வேலை பார்த்த மூக்கம்மாள். "இருந்து கேட்டுட்டுத்தான் போங்களேன்."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள். வேன் பெண்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். மேலத்தெருவில் ஒருவரும் தூக்கவில்லை. எண்ணிக்கைக்குக் கிழக்குத் தெருவே போதுமானதாக இருந்தது. கட்டுப் பிரித்த கையால் முருகம்மாள் போட்ட கையெழுத்து கோணலாக விழுந்தது.

மறுநாள் தீர்மான நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் முதல் பக்கத்தைப் புரட்டினார். ஆஜரானோர் பட்டியலின் முதல் வரியில், தகப்பன் பெயரும் கதவு எண்ணுமாக, தடித்த எழுத்தில் அடையாளம் தெரியாத நபர் இருந்தான்.

பார்க்கலாம், பிறகு வாங்கம்மா என்றார்.

முருகம்மாள் பெஞ்சை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேர ஏத்துங்கய்யா. அதுவரைக்கும் இங்கனதான் இருக்கேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் தேடுவதுபோல் மேஜையைத் தடவினார். அவள் தன்னுடையதை நீட்டினாள். வாங்கும்வரை கையை மடக்கவில்லை.