ஆபீசர் வருகிறார், ஏரியைக் கழுவி வையுங்கள்!

போன வாரம் ஒருநாள் காலையில் பால் ஊற்ற வந்த காசிநாதன் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"சார், எங்க ஏரியப் பாக்க இன்னிக்கு ஆபீசரு வர்றாருங்க! தண்ணி புடிச்சிகினு போயி டெஸ்ட் பண்ணுவாங்களாம்!"

நெய்வேலியில் எங்கள் பிளாக்குக்கே பால்காரர் அவர். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை; ஷிப்ட் போக மீதி நேரம் மாடு. ஊர், முத்தாண்டிக்குப்பம் பக்கம்.

அங்கே ஏரிக்கரையில் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலை ஒன்று வந்திருக்கிறது. வந்ததிலிருந்து தண்ணீர் மேல் கறுப்புப் படலம். மீன் செத்து மிதந்தது. பிறகு காசியின் சினை மாடு ஏரித் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிறு உப்பிச் செத்தது. மற்ற மாடுகளையாவது காப்பாற்ற வேண்டுமே என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு மேல் மனு கொடுத்தார்.

முன்பெல்லாம் இப்படி ஓர் ஆலை வருவதற்கு முன்னால் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்பார்களாம். இப்போது விதியைத் தளர்த்திவிட்டதால் அது தேவையில்லையாம். ஆலைக்காரர்தான் சொல்கிறார். யாருக்காகத் தளர்த்தினார்கள்? கேட்டால், எனக்குச் சந்தேக புத்தி என்கிறார்கள் வீட்டில்.

அந்தப் புத்தியோடுதான் ஸ்கூட்டரை எடுத்தேன். போய்ப் பார்த்தால்... ஏரிதானா அது? கல்யாண மண்டப வாசல்! கரையெல்லாம் பெருக்கி, ஓரத்தில் சுண்ணாம்புப் பவுடரால் நேர்க்கோடு. படித்துறையில் பிளீச்சிங் பவுடர். கறுப்புப் படலத்தையும் காணோம், செத்த மீனையும் காணோம்.

"என்ன காசி இது?"

"ஹவுஸ்கீப்பிங் சார்!" பெருமை தாங்கவில்லை அவருக்கு. "மைன்ஸுல இன்ஸ்பெக்‌ஷன்னா இப்டித்தான செய்வோம்? ராவோட ராவா ஊரே எறங்கிட்டோம். வைக்கோலப் போட்டு எண்ணெய இழுத்து, மீனெல்லாம் பொதச்சி... பெரிய மனுசன் வர்ற எடம், நாறிக்கினு கெடந்தா நல்லா இருக்குமா?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"பவுடரெல்லாம் யார் கொடுத்தது?"

"ஆலைக்காரருதாங்க. மூட்டையா எறக்கிட்டாரு. ஆபீசரு வர்ற சேதியே அவரு சொல்லித்தான் தெரியும். நல்ல மனுசன் சார்."

மனு கொடுத்தவருக்கு வராத தகவல், மனு யார் மேலோ அவருக்கு எப்படிப் போனது? நான் யோசித்து முடிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது.

அதிகாரி இறங்கினார். சுண்ணாம்புக் கோட்டை ஒட்டியே நடந்தார். படித்துறையில் குனிந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்.

"ஏரிய நல்லா வச்சிருக்கீங்களே!" என்று ஊரையே பாராட்டினார்.

"சார், நேத்து வரைக்கும் இது இப்படி இல்லை..." என்று நான் குறுக்கே போனேன்.

"இன்னைக்கு இருக்கறதைத்தான் சார் நான் எடுக்க முடியும்."

ஜீப் கிளம்பியது. கை கூப்பி வழியனுப்பிய காசிக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவர் மனைவி செல்விக்கு உறைத்துவிட்டது. தண்ணீரை நோக்கிப் போன மாட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே கேட்டார்:

"தண்ணி நல்லாருக்குன்னு எழுதிட்டா, நாளைக்கு இதுவும் செத்தா எதால செத்துச்சின்னு போயி சொல்றதுங்க?"

காசி தன் உள்ளங்கையை மெல்ல மோந்து பார்த்தார். எத்தனை சோப்பு போட்டும் அந்த எண்ணெய் வாடை போகவில்லையாம்.

உங்கள் ஊர் ஏரிக்கு யாராவது இலவசமாகத் துடைப்பம் வாங்கிக் கொடுத்தால்... பெருக்குவதற்கு முன்னால் தயவுசெய்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்!