"ஒண்ணும் ஆவாது" என்று சொல்லாத காலை

போன வருஷம் ஆடி மாதம். என் மருமகள் திண்டிவனத்தில் கணக்கு டீச்சர். கொஞ்ச நாளாக, விழுப்புரத்தில் பஸ் ஏறினாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கும். செத்துவிடுவோமோ என்று பயம் வரும். உடனே எனக்குப் போன். "ஒண்ணும் ஆவாதும்மா, எறங்கி வந்துடு" என்பேன். விக்கிரவாண்டியில் இறங்கித் திரும்பிவிடுவாள். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியும் பயம் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆள் போடுவதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

மனநல ஆலோசகரான ஒரு அம்மாவிடம் போனோம். ஊசி, மாத்திரை எதுவும் தரவில்லை. "வெறும் வாயாலயே வைத்தியமா? அப்ப நானே பெரிய டாக்டரு" என்றேன். அவர் சிரித்தார். பயந்த நினைப்பு நிஜமா என்று சோதித்துப் பார்ப்பது ஒரு வகை, மூச்சைப் பழக்குவது ஒரு வகை, பயப்படும் இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகுவது இன்னொரு வகை என்றார். மருமகளுக்கு அந்தக் கடைசி வகை. எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்.

"இனிமே ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லாதீங்க, எறங்கவும் சொல்லாதீங்க. படபடப்பு தானா அடங்கும்னு அவங்களே பாக்கணும்."

"மருமகளுக்கு ஆறுதல் சொல்லக் கூடாதா? எங்க தெருவுல எல்லா மாமியாரும் ஆறுதல் சொல்லாமத்தானே இருந்துக்கினு இருக்காங்க."

முதல் மூன்று நாள், நிற்கிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கிளம்பும் முன் இறங்கினோம். "ஆயா, இது என்னா பார்க் பெஞ்சா, தெனம் வந்து குந்திட்டுப் போறீங்க" என்றார் கண்டக்டர். "காத்தோட்டமா இருக்குதுப்பா" என்றேன். அடுத்த இரண்டு நாள் விக்கிரவாண்டி வரை போய் வந்தோம்.

திங்கட்கிழமை தனியாகப் போனாள். விக்கிரவாண்டி கிட்டேயிருந்து போன் வந்தது. "அத்தை, மூச்சு அடைக்குது. எறங்கிடட்டா?"

பழைய பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன்.

"பயம் வந்தா வரட்டும். பக்கத்து சீட்டுல குந்த வச்சிக்கினு போ. அதுக்கும் டிக்கெட்டு கேட்டா எங்கிட்ட வாங்கிக்கச் சொல்லு."

போனை வைத்ததும் திரும்பக் கூப்பிட்டு இறங்கச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. ஐந்து தடவை போனை எடுத்தேன், வைத்தேன். காப்பி ஆறிப்போனது. அரை மணி கழித்து அவளே கூப்பிட்டாள்.

"திண்டிவனம் வந்துட்டேன் அத்தை. கூட்டேரிப்பட்டு தாண்டினதும் தானா அடங்கிடுச்சு."

நான் இத்தனை நாள் சொன்ன ஆறுதலில் பாதி, என் படபடப்பை அடக்கிக்கொள்ளத்தான் என்பது அந்த அரை மணியில் தெரிந்தது. இப்போதும் வீட்டில் யாராவது பயந்து கேட்டால், நான் சொல்லப்போவது அவர்களுக்கா எனக்கா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.