காய்ந்து நின்ற தட்டு

அக்காவுக்கு ஆய்வுக்கூடத்து லேசர்காரர்கள் வைத்த பெயர் அடைகோழி. புற்றுநோய்ச் செல்களை வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டியை விட்டு அவள் நகரமாட்டாள். "முட்டை பொரிஞ்சுதா?" என்று கேட்பார்கள். "உங்க சேவல் முதல்ல கூவட்டும்" என்பாள்.

சேவல் என்றால் லேசர். அதன் ஒரு துடிப்பு மெல்லிய உலோகத் தகட்டில் பட்டால், மறுபக்கம் புரோட்டான்கள் சீறி வரும். அவை செல்களை எப்படிக் கொல்கின்றன, என்றாவது சிகிச்சைக்கு உதவுமா என்று பார்ப்பதே அக்காவின் வேலை. செல்கள் வளரும் தட்டைச் செங்குத்தாக நிறுத்தி, அவை மூழ்கியிருக்கும் ஊட்டநீரை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் நீரே புரோட்டான் கற்றையைத் தடுத்துவிடும். வடித்ததும் செல்கள் காயத் தொடங்கும். அதனால் கற்றை படாத இன்னொரு தட்டையும் அதே அறையில் அதே நேரம் காயவைத்துத்தான் ஒப்பிட வேண்டும். இதில் அக்கா இம்மியும் விட்டுக்கொடுக்கமாட்டாள்.

பெரிய மனிதர்கள் பார்க்க வந்த அன்று அவளுக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. லேசர் முரண்டு பிடித்தது. தட்டு நெடுநேரம் காய்ந்து நின்றது. ஒப்பீட்டுத் தட்டோ பெட்டிக்குள் ஊட்டநீரில் சொகுசாகக் கிடந்தது. "அது சும்மா இருக்கிற தட்டுதானே" என்று ஆய்வுக்குழுத் தலைவர் சொல்லிவிட்டாராம். கற்றை பட்ட தட்டில் செல்கள் கூண்டோடு செத்தன. எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா போய்ச் சத்தம் போட்டாள். "அதுங்க கற்றையில சாகல சார், காஞ்சு செத்துது. திரும்பச் செய்யணும்."

"செய்யலாம்மா, என்ன அவசரம்?"

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் செய்யலாம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போன வாரம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அக்கா போய்விட்டாள்.

இன்று அவர்கள் நடத்திய இரங்கல் கூட்டத்தில், அவள் படத்துக்குப் பின்னால் திரையில் அதே முடிவின் வரைபடம். "இவங்க நமக்கு விட்டுட்டுப் போன சாதனை" என்றார் தலைவர். உயிரோடு இருந்தவளுக்குக் காது கொடுக்காதவர், செத்தவள் வாயில் தன் பேச்சைத் திணிக்கிறார்.

"அதை அணைங்க" என்றேன்.

"தம்பி, துக்கத்துல பேசறீங்க."

"ஆமா சார், துக்கத்துலதான். அக்கா நல்லா இருந்தப்பவே சொன்னாளே, அப்ப என்ன பண்ணீங்க? இதை நம்பி ஒரு நோயாளியைக் கொண்டுபோய் நிறுத்துவீங்களா?"

லேசரை ஓட்டுபவர், முட்டைக் கேலியைத் தொடங்கி வைத்தவரே அவர்தான், எழுந்துபோய்த் திரையை அணைத்தார்.

"அவங்க வளர்த்த செல் இன்னும் பெட்டியில உயிரோட இருக்கு சார். திங்கக்கிழமை ரெண்டு தட்டையும் காய வைக்கிறேன். நீங்க வேணாம்னாலும் வைப்பேன்" என்றார் அவர்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.